பெயருக்கு நடுவே இரண்டு கோடுகள்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்கு வந்த புதிதில் மகளின் பள்ளிப் பெயர் எனக்கு வாயில் நுழையவே இல்லை. மூன்று ஊர்ப் பெயர்கள், நடுவே இரண்டு சின்னக் கோடுகள். பழைய கட்டடத்தை இடிக்கும் முன் எல்லோரையும் ஒருமுறை பார்க்க வரச் சொன்னார்கள். அங்கே ஒரு பாட்டியம்மா பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கோடுகள் எதற்கென்று புரிந்தது.

எட்டாவது வரை அவர் படித்தது ஒற்றை அறைப் பள்ளியில். ஒரே டீச்சர், எட்டு வகுப்பு, ஓர் இரும்பு அடுப்பு. அடுப்பை ஒட்டி உட்கார்ந்தால் வியர்க்கும், ஜன்னல் பக்கம் போனால் விரல் விறைக்கும் என்றார். 1910களில் அமெரிக்கா முழுக்க இப்படி ஏறக்குறைய 2 லட்சம் பள்ளிகள் இருந்தனவாம். அப்புறம் நல்ல சாலை வந்தது, பஸ் வந்தது, டிராக்டர் வந்து பண்ணைக் குடும்பங்கள் குறைந்தன. சின்னப் பள்ளிகளை ஒன்றாக இணைத்தார்கள். 1940 வாக்கில் 1,17,000 ஆக இருந்த பள்ளி மாவட்டங்கள், அதாவது பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகப் பகுதிகள், 1980இல் சுமார் 16,000 ஆகிவிட்டன.

ஊர்க்காரர்களுக்குப் பள்ளிகளை இணைப்பதற்குக்கூட மனம் வந்துவிட்டதாம். கட்டடம் எந்த ஊரில் என்பதில்தான் சண்டை. அண்ணன் தம்பி பேச்சை நிறுத்தினார்கள், சர்ச்சில் இடம் மாறி உட்கார்ந்தார்கள். கடைசியில் ஓர் ஊருக்குக் கட்டடம், இன்னோர் ஊருக்குச் சீருடை நிறம், மூன்றாவதற்குப் பெயரில் ஓர் இடம்.

* * *

மேலே எழுதியவருக்கு: நான் கான்சாஸ் மாநிலத்தில் பள்ளி பஸ் ஓட்டுகிறேன். முதல் பிள்ளை ஏறும்போது இருட்டு விலகியிருக்காது. பள்ளி இணைப்பு என்றால் எனக்கு இந்த ஒரு மணி நேரப் பயணம்தான். முன்பு குதிரை வண்டியாம். குதிரை மிரளாமல் இருக்கப் பிள்ளைகள் பின்பக்கமாக ஏறுவார்களாம். பஸ்ஸுக்கு மஞ்சள் நிறம் என்பது 1939இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கல்விப் பேராசிரியர் ஃப்ராங்க் சைர் கூட்டிய மாநாட்டில் முடிவானது. மங்கலான வெளிச்சத்தில் மஞ்சள் மேல் கறுப்பு எழுத்து பளிச்சென்று தெரியும். பனிமூட்டத்தில் ஓட்டும்போது அந்த மனுஷனை நினைத்துக்கொள்வேன்.

* * *

நானும் அயோவாதான். எங்கள் பக்கம் மூடிய பள்ளியின் கோப்பைகளெல்லாம் புதுப் பள்ளியின் ஸ்டோர் ரூமில் கிடக்கின்றன. பாதி, அணிக்கு ஆறு பெண்கள் ஆடும் கூடைப்பந்தில் வென்றவை. அயோவாவில் அந்த ஆட்டம் 1993 வரை இருந்தது. சரி, முதலில் எழுதியவரே, அந்தப் பாட்டியம்மா மூன்றில் எந்த ஊர்?

* * *

முதலில் எழுதியது நான்தான். மூன்றிலும் இல்லை. அவர் ஊர் நாலாவது. பெயர் நீளமாகிறது என்று விட்டுவிட்டார்களாம்.