டூம்ஸ்டோன்: ‘கல்லறைக் கோப்பு’ வேண்டாம், ‘நடுகல்’ என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

ஆண்ட்ராய்டில் நேட்டிவ் நிரல் (சி, சி++ போன்ற மொழிகளில் எழுதிய பகுதி) க்ராஷ் ஆகும்போது, அது எப்படி விழுந்தது என்று எழுதப்படும் கோப்பு டூம்ஸ்டோன். நம் மொழிபெயர்ப்பில் அதற்குக் ‘கல்லறைக் கோப்பு’ என்ற சொல் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. கல்லறை என்றால் உள்ளே வைத்து மூடியாயிற்று என்று பொருள். இந்தக் கோப்போ படிப்பதற்கென்றே எழுதப்படுவது. நடுகல் என்று வைக்கலாம்.

ஆந்திராவின் குப்பம் ஊர்ப்பக்கம் பால் ஊற்றும் இடங்களில், தராசிலிருந்து ப்ளூடூத் வழியாக எடையை வாங்கிப் பதியும் செயலி ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன். எடையைப் பிரித்தெடுக்கும் பகுதி சி++. என் போனில் ஒரு குறையும் இல்லை. பால் அளக்கும் அக்கா ஒருவரிடம் ஆண்ட்ராய்டு 4.4 ஓடும் பழைய போன். “தம்பி, கேனைத் தராசு மேல வெச்சதும் ஆப் செத்துப்போவுது” என்றார். விடிகாலை வரிசையை அவர் நோட்டில் எழுதித்தான் சமாளித்துக்கொண்டிருந்தார்.

போனைக் கேபிளில் மாட்டி, ஆண்ட்ராய்டின் பதிவுகளைக் காட்டும் லாக்கேட்டைப் பார்த்தேன். டூம்ஸ்டோனின் சுருக்கம் அங்கேயும் வரும். வரிசையாக நட்சத்திரக் குறிகள். அதன் கீழே போனின் மாடலும் ஆண்ட்ராய்டு பதிப்பும், செத்த இழையின் (த்ரெட்) பெயர், அப்புறம் ‘சிக்னல் 7, சிக்பஸ்’ என்ற நினைவக அணுகல் பிழை, பிழை நேர்ந்த முகவரி. முகவரியின் கடைசி இலக்கம் 3. அங்கேயே பிடிபட்டுவிட்டது. தராசு அனுப்பும் தரவில் எடை மூன்று பைட் தள்ளித் தொடங்குகிறது. நான் அந்த இடத்தைச் சுட்டி (பாயிண்டர்) வழியாக நேரே ஃப்ளோட்டாக, அதாவது நான்கு பைட் தசம எண்ணாக, படித்திருந்தேன். 32 பிட் ஆர்ம் சிப்பில் ஃப்ளோட்டை ஏற்றும் கட்டளைக்கு முகவரி நான்கால் வகுபட வேண்டும். இல்லாவிட்டால் இயக்குதளத்தின் மையமான கர்னல் சிக்னல் அனுப்பிச் செயலியை நிறுத்திவிடும். என் 64 பிட் போனில் அந்தக் கட்டாயம் இல்லை. நான்கு பைட்டையும் மெம்காப்பி என்ற சார்பால் வேறிடத்துக்கு நகலெடுத்துப் படித்ததும் சரியாகிவிட்டது.

இப்போது எங்கள் பக்கமும் கிருஷ்ணகிரிப் பக்கமும் நிற்கும் நடுகற்களை நினைத்துப் பாருங்கள். தெலுங்கில் வீரகல்லு என்பார்கள். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த மாட்டை மீட்கப் போய் யார் ‘பட்டான்’ என்று பல கற்களில் எழுதியிருக்கும். டூம்ஸ்டோனும் அப்படித்தான்: எந்தப் பதிப்பின் ஆட்சி, விழுந்தது யார், எதனால், எந்த இடத்தில்.

வீரனுக்குத்தானே நடுகல், பிழையுள்ள நிரலுக்கு எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல்லில் எசமானோடு கோவிவன் என்ற நாயும் இருக்கிறது. அரசலாபுரத்தில் சேவலுக்கே கல் இருக்கிறது. மனிதருக்கு மட்டும் என்று முன்னோர் வரம்பு கட்டவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது, விழுந்த விதத்தை எழுதி வைத்தார்கள் என்பது.

இதோடு இன்னொரு சொல்லும் வேண்டும். செயலியோடு போகும் சி++ நூலகக் கோப்பின் (லைப்ரரி) அளவைக் குறைக்க அதிலுள்ள செயற்கூறுகளின் பெயர்களை உரித்துவிடுகிறோம். அதனால் நடுகல்லில் வெறும் பதினறும எண்கள்தான் மிஞ்சும். உரிக்காத பிரதியை என்டிகே-ஸ்டாக் என்ற கருவியிடம் கொடுத்து, அந்த எண்களுக்கு உரிய கோப்பையும் வரியையும் மீட்கிறோமே, அந்த வேலைக்குப் ‘பெயர் பொறித்தல்’ பொருந்தும். ஆங்கிலத்தில் சிம்பலைசேஷன். ‘குறியீட்டாக்கம்’ என்றால் குறியாக்கத்தோடு (என்கோடிங்) குழம்பும்.

பழைய போன்களில் பத்து நடுகற்கள்தான் இருக்கும். பதினொன்றாவது விழுந்தால் பழையது ஒன்று அழியும். அதனால் உதவிக் குறிப்பில் ‘நடுகல் அழிவதற்குள் அனுப்புங்கள்’ என்று ஒரு வரி வேண்டும். மறுப்பிருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் இரண்டு சொற்களையும் மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.