1.0 விடலாமா? 14 இஷ்யூ திறந்திருக்கு, அவசரம்

பனங்கற்கண்டு:
பாமினியிலிருந்து (பழைய தமிழ் ஃபான்ட் முறை) யூனிகோடுக்கு மாத்துற என்னோட பைதான் லைப்ரரி. 14 இஷ்யூ (பதிஞ்சும் தீர்க்காத குறை) திறந்திருக்கு, ஆனா டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். ஞாயிறு 1.0 போட்டுடலாமா, இன்னும் காத்திருக்கணுமா?

கீற்று:
14ன்னு மட்டும் சொன்னா எப்படி? என்னென்ன இஷ்யூ? பைபையில (பைதான் லைப்ரரிகளை ஏத்தி வைக்கிற பொதுத் தளம்) இப்போ எந்த வெர்ஷன்? அதுல ஓடினது ஏதாவது இதுல உடைஞ்சிருக்கா?

மூத்தவன்07:
மாசம் ஒருத்தர் இதே கேள்வியோட வர்றாங்க. டெபியன் (ஒரு லினக்ஸ் வகை) எப்பவோ பதில் சொல்லியாச்சு தம்பி. கிரிட்டிக்கல், கிரேவ், சீரியஸ், இந்த மூணு தரத்துல வர்ற பக் மட்டும்தான் ரிலீஸைத் தடுக்கும். மத்தது எத்தனை இருந்தாலும் தடுக்காது. முதல்ல தரம் பிரிச்சுட்டு வாங்க.

அலைவரிசை:
தரம் பிரிச்சுக்கிட்டே இருந்தா வருஷம் ஓடிடும். டெபியன்லயே 2002 ஜூலையில வூடி வெர்ஷன், அடுத்த வெர்ஷன் சார்ஜ் வந்தது 2005 ஜூன்ல. லினக்ஸ் கெர்னல்ல ரெண்டு வாரம் மெர்ஜ் விண்டோ (புது மாற்றங்களைச் சேர்க்கிற நேரம்), அப்புறம் வாரம் ஒரு ஆர்சி (ரிலீஸுக்கு முந்தின சோதனை வெர்ஷன்). பெரும்பாலும் ஆர்சி7 முடிஞ்சதும் ரிலீஸ், சந்தேகம்னா ஆர்சி8. தேதி வைங்க.

மூத்தவன்07:
தேதியா? தேதி வச்சு விடுற உபுண்டு லினக்ஸ், 2006 ஏப்ரல்ல 6.04ன்னு வர வேண்டியது ஜூன்ல 6.06 ஆனது எப்படியாம்?

அலைவரிசை:
ஆறு வாரம்தான் தள்ளிச்சு. மூணு வருஷம் இல்ல.

பனங்கற்கண்டு:
பைபையில 0.9.4. பெரிசு ரெண்டுதான்: மாத்தின ஃபைல்ல ‘கொ’ தேடினா சிக்கல. சில இடத்துல ‘கௌ’ங்கிற ஒரே எழுத்து, ‘கெ’, ‘ள’ன்னு ரெண்டு எழுத்தா ஆகுது.

நொச்சி:
முதலாவது கண்டிப்பா ரிலீஸைத் தடுக்கணும். பாமினியில ‘கொ’வுக்கு ெ, க, ா மூணு விசை. நீங்க வரிசையை மட்டும் மாத்தி க, ெ, ான்னு விடுறீங்க போல. கீபோர்டுல அடிக்கிறப்ப ‘ொ’ ஒரே குறியீடா விழும். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, ஒப்பிட்டா வேற. கடைசியா விடை தர்ற இடத்துல என்எஃப்சி நார்மலைஸ் (பிரிஞ்ச குறியீடுகளை ஒண்ணாச் சேர்க்கிற யூனிகோடு முறை) பண்ணுங்க, ஒரு வரிதான். இதை 1.0க்கு அப்புறம் பண்ணினா, பழைய விடையை டேட்டாபேஸ்ல சேத்து வச்சவங்களுக்குத் திடீர்னு எதுவும் பொருந்தாது.

‘கௌ’ காத்திருக்கலாம். பாமினியில ஔகாரத்தோட பின்பாதியும் ‘ள’வும் ஒரே விசை. அவசரத்துல எல்லா ‘ெ…ள’வையும் ஔகாரமா மாத்தினா ‘வெள்ளம்’ உடையும். ரீட்மீயில் (லைப்ரரியோட அறிமுகக் குறிப்பு) தெரிந்த குறைன்னு போட்டுடுங்க.

கீற்று:
டெஸ்ட் ஓடுறது ரெப்போ (சோர்ஸ் கோடு இருக்கிற) ஃபோல்டருக்குள்ளேயா? அப்படின்னா பச்சைக்கு மதிப்பில்ல. இம்போர்ட் பண்றப்ப லோக்கல் சோர்ஸைத்தான் எடுக்கும். வீல் (இன்ஸ்டால் பண்ணத் தயாரான பேக்கேஜ் ஃபைல்) பில்ட் பண்ணி, புது வெர்ச்சுவல் என்விரான்மென்ட்ல (தனியா ஒதுக்கின பைதான் சூழல்) இன்ஸ்டால் பண்ணி, டெஸ்ட் ஃபைல்களை மட்டும் வேற டைரக்டரிக்கு நகலெடுத்து ஓட்டிப் பாருங்க. பைபையில ஒரே ஃபைல் பேரை ரெண்டாம் தடவை ஏத்த முடியாது, டெலீட் பண்ணினாலும்தான். 1.0 சொதப்பினா 1.0.1தான் வழி. அதனால முதல்ல ஆர்சி1 ஏத்துங்க. ‘ப்ரீ’ ஆப்ஷன் கொடுக்காதவங்களுக்கு பிப் (பைதான் இன்ஸ்டால் கருவி) 0.9.4ஐத்தான் கொடுக்கும், யாருக்கும் தொந்தரவில்ல.

மூத்தவன்07:
நான் சொன்னதும் இதேதான்.

அலைவரிசை:
எங்க சொன்னீங்க?

பனங்கற்கண்டு:
வீல்ல எழுத்து அட்டவணை இருக்கிற ஜேசன் ஃபைலே இல்ல! 0.9.4க்கு அப்புறம்தான் அதைத் தனி ஃபைலா பிரிச்சேன், சொல்ல விட்டுப்போச்சு. மேனிஃபெஸ்ட்ல (பேக்கேஜ்ல சேர வேண்டிய ஃபைல் பட்டியல்) சேத்தாச்சு, என்எஃப்சியும் போட்டாச்சு. ஆர்சி1 ஏத்திட்டேன். நன்றி.

கீற்று:
நல்லது. வீலை நேரா சோர்ஸ்லேர்ந்து பில்ட் பண்ணினீங்களா, இல்ல எஸ்டிஸ்ட்லேர்ந்தா (சோர்ஸைக் கட்டி வெளியிடுற பேக்கேஜ்)? எஸ்டிஸ்ட் ஃபைலைத் திறந்து ஜேசன் இருக்கான்னு பார்த்தீங்களா?

நொச்சி:
ஆள் போயாச்சு போல.