புதுப்பிப்பு: பையனின் ஹோல்டர் (நாள் முழுக்க இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் கருவி) முடிவு வந்துவிட்டது
போன மாதம் எழுதியிருந்தேன்: 7 வயதுப் பையன், இரண்டு மருந்து பார்த்தும் வலிப்பு அடங்கவில்லை; வேலூரில் டாக்டர் இதயத்தைப் பார்க்கச் சொல்கிறார், எதற்கென்றே புரியவில்லை என்று.

ஈசிஜி, எக்கோ இரண்டும் நார்மல். 24 மணி நேர ஹோல்டர்தான் பெரும்பாடு. குடியாத்தம் வெயிலில் நெஞ்சில் ஒட்டியதெல்லாம் வியர்வையில் கழன்றுகொண்டே வந்தது. அவன் ஆயா விசிறியும் கையுமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ராத்திரி ஒரு வலிப்பு வந்தது. அதுவும் நல்லதுக்குத்தான்: துடிப்பு 170 வரை ஏறி, அப்புறம் தானாக இறங்கியது அப்படியே பதிவாகியிருக்கிறது.

வலிப்பின்போது துடிப்பு எகிறுவது சகஜமாம். சிலருக்கு, அபூர்வமாக, சில நொடி நின்றுபோகும், அதைத்தான் தேடியிருக்கிறார்கள். க்யூடி இடைவெளி (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின்னோட்டம் எழுந்து அடங்க எடுக்கும் நேரம், ஈசிஜியில் தெரியும்) நீண்ட பிள்ளைகள் மயங்கி விழுவதை வலிப்பு என்றே நினைத்து மருந்து கொடுப்பதும் நடக்குமாம். அதுவும் இல்லை. கார்பமாசெபைன் மாதிரி சில வலிப்பு மருந்துகள் இதயத்தின் மின்கடத்தலைத் தாமதப்படுத்தலாம் என்பதால், அடுத்த மருந்து சேர்க்கும்முன் இன்னொரு ஈசிஜி.

அடுத்த வாரம் கீட்டோ உணவு (வலிப்பை அடக்கக் கொடுக்கும், கொழுப்பு மிகுந்து மாவும் சர்க்கரையும் மிகக் குறைந்த உணவு) பற்றிப் பேச வரச் சொல்லியிருக்கிறார்கள். அதில் செலினியம் என்ற தாதுச்சத்து குறைந்தால் இதயத்தசைக்கு ஆகாது, அதையும் கவனிப்பார்களாம். பையனின் கவலை வேறு: அவனுக்குப் பிடித்த இனிப்பு, ஆற்காடு மக்கன் பேடா இனிமேல் கிடையாதா?