தொல்லியல் நடை நடத்தியவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் முதல்முறையாக ஒரு தொல்லியல் நடையை நான் வழிநடத்தப் போகிறேன், 20 பேர் வருகிறார்கள், சிறுவர்களும் உண்டு. விடிந்ததுமே கிளம்பலாம் என்றிருக்கிறேன். வெயில் சாய்வாக விழும்போதுதான் தேய்ந்த கல்வெட்டில் எழுத்தின் பள்ளங்களில் நிழல் தங்கி வரிகள் தெரியும், தரையோடு தரையாகிவிட்ட பழைய மண்கரையின் மேடும் அப்போதுதான் கண்ணில் படும், உச்சி வெயிலில் இரண்டுமே மறைந்துவிடும்.

என் கவலை பானையோடுகள்தான். மழைக்குப் பிறகு உழுத நிலத்தில் அவை மேலே வந்து கிடக்கும், கை தானாகப் போகும். ஓடு கிடந்த இடத்தைவிட்டு நகர்ந்தால் அது சொல்லும் சேதியில் பாதி போய்விடும், இதைச் சிறுவர்கள் முகம் வாடாமல் எப்படிச் சொல்வது? அப்புறம், நடந்துகொண்டே பேசுவதா, ஓரிடத்தில் உட்கார்ந்தா? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.