பழைய மினிக்குக் குறைந்த செலவில் மின்னணு இக்னிஷன்

கேள்வி: பினாங்கில் 1978ஆம் ஆண்டு மினி கார் ஒன்றை ஓட்டுகிறேன். தீப்பொறிக்கான மின்சுற்றைத் திறந்து மூடும் பாயிண்ட் அடிக்கடி தேய்வதால் ஆயர் ஈத்தாம் மேட்டில் இஞ்சின் திணறுகிறது. பாயிண்ட் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் கருவி) மாற்றாமல் மலிவாக மேம்படுத்த முடியுமா?

பதில்: முடியும், ஐயா. பாயிண்டையும் அதனோடு உள்ள கண்டென்சரையும் (சிறு மின்தேக்கி) எடுத்துவிட்டு, அதே மூடிக்குள் பொருந்தும் சிறு மின்னணு மாட்யூலை வைத்தால், உராய்ந்து தேயும் பகுதி இல்லாததால் சரிசெய்யும் வேலை வெகுவாகக் குறையும். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு அதிகமாக ஆடினால் தீப்பொறியின் நேரம் சீராக இராது. தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலின் மின்தடையையும் அளந்து பாருங்கள். சாதாரணக் காயில் ஏறக்குறைய 3 ஓம் காட்டும், மின்தடைக் கம்பியோடு வருவது 1.5 ஓம் காட்டும், மாட்யூல் எதற்கு உரியது என்று கேட்டே வாங்குங்கள்.

மற்றொரு பதில்: இஞ்சின் ஓடாதபோது சாவியை ஆன் நிலையில் விட்டால் மாட்யூல் கருகக்கூடும். மினியில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்கிரில்லுக்குப் பின்னாலேயே இருப்பதால், நம் ஊர் மழைக்கு ரப்பர் உறையும் நல்ல பிளக் வயர்களும்தான் முதல் செலவு என்பேன்.

கேட்டவர்: நன்றி. இப்போதைக்குப் புதிய பாயிண்டை 0.38 மி.மீ. இடைவெளியில் வைத்து ஓட்டி, காயிலை அளந்த பிறகே மாட்யூல் வாங்குகிறேன்.