எங்கள் பாடசாலையை அளக்க வந்த நாள்

ஓய்வுபெற்ற அதிபர்

அந்த ஆண்டு எங்களிடம் ஆறு பிள்ளைகள் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதினார்கள். ஒருவரும் சித்தியடைய வேண்டிய வெட்டுப்புள்ளியைத் தாண்டவில்லை. அதிபர்கள் கூட்டத்தில் பாடசாலைகளின் பெயர்கள் திரையில் வரிசையாக வந்தன. எங்கள் பெயருக்கு நேரே பூச்சியம். எழுந்து நின்று காரணம் சொல்லச் சொன்னார்கள். நான் இரண்டு வசனம் பேசுவதற்குள் அடுத்த பாடசாலையின் பெயர் வந்துவிட்டது.

சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். அந்த ஆறு பேரில் ஒருத்தி, இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து வந்து தரம் 3இல் சேர்ந்தவள். தன் பெயரை மட்டும் எழுதுவாள். ஒரு வரியைக்கூட எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாது. வகுப்பாசிரியை தினமும் பாடசாலை விட்ட பிறகு வேப்பமரத்தின் கீழ் அவளை அரை மணி நேரம் இருத்தி வாசிக்க வைத்தார். இரண்டு ஆண்டுகளில் அவள் 200க்கு 84 எடுத்தாள். எங்கள் வீட்டில் பண்டிகை வந்ததுபோல் இருந்தது. அந்த அட்டவணைக்கோ, அவளும் பேனையைத் தொடாத பிள்ளையும் ஒன்றுதான். பிள்ளை எங்கிருந்து புறப்பட்டது என்று கேட்க அதில் ஒரு நிரல் இல்லை.

அதே ஆண்டு வெளிவாரி மதிப்பீட்டுக்கு, அதாவது வெளியிலிருந்து வந்து பாடசாலையை மதிப்பிட, ஒரு குழு வந்தது. சுவருக்கு வெள்ளை அடித்தோம், கோப்புகளை அடுக்கினோம், பாடக்குறிப்புகளைச் சரிபார்த்தோம். வந்தவர்களில் ஓர் அம்மா எந்தக் கோப்பையும் கேட்கவில்லை. தரம் 4 வகுப்புக்குள் போய்ப் பின்வரிசை வாங்கில் ஒரு பாடவேளை முழுவதும் இருந்தார். பிறகு கொப்பிகளை வாங்கி, தை மாதத்துப் பக்கத்தையும் புரட்டாதிப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். போகும்போது, பாடசாலை நிகழ்வுகளைப் பதியும் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் நான்கு வரி எழுதினார். அந்த நான்கு வரியை என் நாட்குறிப்பில் பிரதி செய்து வைத்திருக்கிறேன். முப்பது ஆண்டுச் சேவையில் எங்கள் வேலையை ஒருவர் உண்மையாகப் பார்த்தார் என்று நான் உணர்ந்தது அன்றுதான்.

உங்களுக்கும் இப்படி ஒரு நாள் இருந்திருக்கும். எழுதுங்கள்.

நெடுந்தீவில் கற்பித்த ஆசிரியர்

வணக்கம் ஐயா. நெடுந்தீவு ஒரு தீவு. குறிகாட்டுவான் இறங்குதுறையில் படகேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். வாடைக்காலத்தில் கடல் எழும்பினால் படகு ஓடாது. ஆகவே கிழமை நாட்களில் அங்கேயே தங்குவோம். கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்பது எங்கள் உரிமை. நானும் கேட்டேன், கிடைத்தது. புறப்பட்ட அன்று தரம் 10 பெடியன் ஒருவன் இறங்குதுறை வரை வந்து, "சேர், அடுத்த கணித சேர் எப்போது வருவார்?" என்று கேட்டான். அவனுக்கு நான் மூன்றாவது கணித ஆசிரியர். தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேற்றுத் தாளில் அவனுக்கு கணிதத்துக்கு நேரே ஓர் எழுத்து மட்டும் இருக்கும். அதற்குள் எத்தனை ஆசிரியர்கள் வந்து போனார்கள் என்று யார் பார்ப்பார்கள்? நான் போனது பிழையில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவன் கேட்டது இன்னும் என்னை விடவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர்

இளையவர்களுக்காக ஒன்றைத் தெளிவாக்குகிறேன். 1987இல் இலங்கை அரசியலமைப்புக்கு வந்த 13ஆவது திருத்தத்தின் பின் பெரும்பாலான பாடசாலைகள் மாகாண சபையின் கீழ் வந்தன. தேசியப் பாடசாலைகள் மட்டும் மத்திய கல்வி அமைச்சின் கீழ் இருக்கின்றன. யாழ்ப்பாண மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று ஐந்து கல்வி வலயங்கள். ஒவ்வொன்றிலும் கோட்டங்கள் என்ற சிறு பிரிவுகள். உயர்தரத்தில் எல்லாப் பிரிவுகளும் உள்ள 1ஏபி பாடசாலையையும், ஆரம்பப் பிரிவு மட்டும் உள்ள மூன்றாம் வகைப் பாடசாலையையும் ஒரே பட்டியலில் வைத்துப் பேசுகிறோம். அதுவே தவறு. தரம் 5இல் கூடிய புள்ளி எடுத்த பிள்ளைகளைப் பெரிய பாடசாலைகள் தரம் 6க்கு எடுத்துக்கொள்கின்றன. ஆறு ஆண்டு கழித்துச் சாதாரண தரத்தில் அங்கே ஒன்பது பாடங்களிலும் ஏ வருகிறது. ஆடை எடுத்த பாலை வைத்திருக்கும் சிறிய பாடசாலையைப் பார்த்து ஏன் தண்ணீராக இருக்கிறது என்று கேட்கிறோம்.

வெளிவாரி மதிப்பீட்டில் மாணவர் அடைவு ஒரு பகுதி மட்டுமே. கற்றல் கற்பித்தல், மாணவர் நலன், தலைமைத்துவம், சமூகத் தொடர்பு எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது. படிவத்தில் குறையில்லை. பின்வரிசை வாங்கில் போய் இருக்கும் பொறுமை வேண்டும்.

வடமராட்சியிலிருந்து ஒரு தாய்

என் மகனுக்கு வெட்டுப்புள்ளிக்கு மூன்று புள்ளி குறைந்தது. விடிய ஐந்து மணிக்கு எழுப்பி ரியூசனுக்கு அனுப்பிய பிள்ளை. சித்தியடைந்தவர்களின் படங்களோடு வாசலில் பதாகை கட்டினார்கள். அவன் ஒரு மாதம் அந்த வாசலால் தலை குனிந்து போனான். அந்தக் கோபத்தில்தான் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் சேர்ந்தேன். கூட்டங்களில் இன்னொன்றும் விளங்கியது. கனடாவிலும் இலண்டனிலும் பழைய மாணவர் சங்கம் உள்ள பாடசாலைக்கு மண்டபம் எழுகிறது. பக்கத்துப் பாடசாலையில் கூரை ஒழுகுகிறது. அளக்கும்போது இரண்டுக்கும் ஒரே முழக்கோல்.

ஐயா, 84 எடுத்த அந்தப் பிள்ளை இப்போது என்ன செய்கிறாள்?

ஓய்வுபெற்ற அதிபர்

தங்கச்சி, அவள் இப்போது தரம் 9 படிக்கிறாள். போன மாதம் சந்தையில் கண்டேன். நூலகத்தில் எடுத்த புத்தகம் கையில் இருந்தது. அவளுடைய வகுப்பாசிரியை இன்னும் அதே பாடசாலையில்தான் இருக்கிறார். உங்கள் மகனைப் பற்றியும் எழுதுங்கள்.