கண்புரை கேஸ் எண்ணிக்கை: பெண் சர்ஜன்களுக்குக் குறைவாக வந்தால் எங்கே தேடுவது?

லிம்பஸ்:
ஒரு கண் துறையின் ஓராண்டு தியேட்டர் ரிஜிஸ்டரை வைத்து வேலைப் பங்கீட்டை ஆடிட் செய்ய வேண்டும். மொத்தக் கேஸைத் தலைக்கு வகுத்தால் பெண் சர்ஜன்கள் பக்கம் குறைவாக வருகிறது. "பிரசவ விடுப்பு, வேறென்ன" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். அமெரிக்க ஆய்வுகளிலும் விடுப்புதான் காரணம் என்று இருக்கிறதா? ரிஜிஸ்டரில் எதையெல்லாம் எடுத்தால் கணக்கு நிற்கும்?

பழைய ஸ்லிட்லாம்ப்:
இல்லை. 2019-ல் ஜாமா ஆப்தல்மாலஜி என்ற கண் மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு 24 பயிற்சி மையங்களில் 1,271 ரெசிடென்ட்களின் (சிறப்புப் பயிற்சியில் இருக்கும் மருத்துவர்கள்) கேஸ் பதிவுகளை எடுத்துக்கொண்டது. காலம் 2005 முதல் 2017 வரை. பெண் ரெசிடென்ட்கள் செய்த கண்புரை கேஸ், ஆண்களைவிடச் சராசரியாகச் சுமார் 15 குறைவு. விடுப்பு எடுத்த ஆண்களோ, எடுக்காத ஆண்களைவிடக் கூடுதலாகவே செய்திருந்தார்கள். பெண்களிடம் விடுப்பு எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. விடுப்புதான் காரணம் என்றால் இப்படி வராது. அங்கே ரெசிடென்சியில் முதல் சர்ஜனாகக் குறைந்தது 86 கண்புரை கேஸ் வேண்டும். அதைத் தொட்டாரா என்று மட்டும் பார்க்கிறவர் கண்ணுக்கு இந்த இடைவெளி படவே படாது.

பயிற்சி முடிந்த பிறகும் இதே கதைதான். 2012, 2013 மெடிக்கேர் (முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) பில்களைப் பார்த்த ஆய்வில், ஆண் கண் மருத்துவர் 1 டாலர் பெற்றால் பெண் மருத்துவர் பெற்றது சராசரியாக 58 சென்ட். ஒரே ஊரில் ஒரே சிகிச்சைக்கு மெடிக்கேர் ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை வைப்பதில்லை. ஆகவே வேலையின் அளவிலும் வகையிலும்தான் தேட வேண்டும்.

எண்ணும் கண்ணும்:
தலைக்கு வகுப்பதை முதலில் விடுங்கள். வகுக்க வேண்டியது லிஸ்டால். ஓர் அரைநாள் தியேட்டர் ஒரு லிஸ்ட். உதாரணத்துக்கு, ஒருவருக்கு ஆண்டில் 96 லிஸ்ட், 768 கேஸ். இன்னொருவருக்கு 60 லிஸ்ட், 480 கேஸ். தலைக்குப் பார்த்தால் 288 கேஸ் பள்ளம்; லிஸ்டுக்குப் பார்த்தால் இருவரும் 8. பள்ளம் கையில் இல்லை, லிஸ்ட் பங்கிட்ட தாளில் இருக்கிறது. அந்தத் தாளை யார் போடுகிறார், எப்போது கடைசியாக மாற்றினார் என்று கேளுங்கள். பல இடங்களில் சீனியர் ஓய்வு பெறும்போது அவருடைய லிஸ்ட் வாய்வார்த்தையாகவே கைமாறும்.

விடுப்பு நாட்களை ஆண், பெண் இரண்டு பக்கத்திலும் கழித்துவிடுங்கள். அப்புறம் "விடுப்பு" என்று யாரும் சொல்ல முடியாது.

லிஸ்டுக்கான எண்ணிக்கையே வேறுபட்டால், முதல் கேஸ் தொடங்கிய நேரம், ஒரு டேபிளா இரண்டு டேபிளா, உதவிக்கு யார், ரெசிடென்ட் உட்கார்ந்த கேஸ் எத்தனை என்று பாருங்கள். கற்றுக்கொடுக்கும் கேஸ் மாணவர் பெயரில் ஏறிவிடும். சொல்லிக்கொடுத்தவர் கணக்கில் அந்த நேரம் காணாமல் போகும். வெள்ளைப் புரை, விரியாத கண்மணி, சூடோ எக்ஸ்ஃபோலியேஷன் (லென்ஸ் மேல் செதில் படிவது) போன்ற கடினமான கேஸ் எல்லாவற்றுக்கும் தனிக் குறி போடுங்கள். ஃபேக்கோ (அல்ட்ராசவுண்டால் புரையை உடைத்து எடுப்பது), எஸ்.ஐ.சி.எஸ். (சிறு வெட்டு வழியே கையால் புரை எடுப்பது), மாறுகண், கண்ணுக்குள் போடும் ஊசி நான்கையும் ஒரே கூட்டலில் போடவே கூடாது. ஊசிகள் பெரும்பாலும் தனி அறையில் நடப்பதால் தியேட்டர் ரிஜிஸ்டரில் இருக்காது. அமெரிக்காவில் குழந்தைகள் பிரிவில் பெண்கள் அதிகம், விட்ரியோ-ரெட்டினாவில் (விழித்திரைப் பிரிவு) குறைவு. உட்பிரிவைப் பிரிக்காமல் ஒப்பிட்டால் மாறுகண் சர்ஜன் சோம்பேறியாகத் தெரிவார்.

சராசரியை நம்பாதீர்கள், இடைநிலையையும் எழுதுங்கள். ஒரே ஒருவர் 2,000 கேஸ் செய்தால் அவர் இருக்கும் பக்கம் முழுக்க உயர்ந்துவிடும். பத்துப் பன்னிரண்டு பேர் உள்ள துறையில் பி-வேல்யூ (வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் எண்) தேடுவது வீண். ஒவ்வொருவருக்கும் மாதவாரியாகப் புள்ளி வைத்துக் காட்டினால் போதும்.

ஐபீஸ்:
லிஸ்டுக்குக் கேஸ் குறைகிறது என்று வந்தால், "வேகம் போதாது" என்று எழுதும் முன் தியேட்டரில் உட்காரும் இடத்தைப் பாருங்கள். உயரமானவருக்கு வைத்த அமைப்பு அப்படியே கிடக்கும். அடுத்து வரும் குள்ளமான சர்ஜன் அதோடு மல்லுக்கட்டுவார். முதலில் ஸ்டூல்: குதிகால் தரையில் பதிய வேண்டும், தொடை தரைக்கு இணையாக இருக்க வேண்டும். பிறகு மைக்ராஸ்கோப்பையும் ஃபேக்கோ கருவியையும் இயக்கும் பெடல்களைக் காலுக்குக் கிட்டே இழுக்க வேண்டும். அதன்பின் முழங்கால் நுழையும் அளவுக்கு டேபிள், கடைசியாக மைக்ராஸ்கோப். பலர் மைக்ராஸ்கோப்பில் தொடங்குவார்கள், அதனால் எல்லாமே தப்பும். நோயாளியின் தலைக்கடியில் தடித்த தலையணை இருந்தால் ஐபீஸ் மேலே போய்விடும், சர்ஜன் அண்ணாந்தே பார்க்க வேண்டிவரும். மெல்லிய ஹெட்ரெஸ்டும் சாயும் ஐபீஸும் வேண்டும்.

பெடல் எட்டாமல் நுனிக்காலால் மிதிப்பதுதான் ஆபத்து. ஃபேக்கோ கருவியின் டிப் கண்ணுக்குள் இருக்கும்போது கால் நழுவிப் பெடல் 0 நிலைக்குப் போனால் இரிகேஷன் (கண்ணுக்குள் பாயும் திரவம்) நிற்கும், சேம்பர் (கண்ணின் முன்னறை) சுருங்கும், லென்ஸின் பின் உறை முன்னே வரும். தவறி 3-ஆம் நிலைக்குப் போனாலோ நினைக்காத நேரத்தில் அல்ட்ராசவுண்ட் அடிக்கும். அதற்குப் பயந்து மெதுவாகச் செய்பவரைக் குறை சொல்ல முடியாது. 5.5, 6 அளவுக் கையுறை ஸ்டாக்கில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கர்ப்ப காலத்தில் மைட்டோமைசின்-சி (செல் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து) கையாளக் கூடாது. அதனால் அது தேவைப்படும் டிராபெக்குலெக்டமி (கண் அழுத்தத்தைக் குறைக்கும் அறுவை), டெரிஜியம் (கருவிழி மேல் வளரும் சதை) கேஸ்கள் கைமாறும். அந்த இடத்தில் வேறு கேஸ் தந்தார்களா என்பது தனிக் கேள்வி.

லிம்பஸ்:
நன்றி. கேன்சல் ஆன கேஸ் ரிஜிஸ்டரில் ஏறாதே? மதிய லிஸ்டில்தான் அதிகம் கேன்சல் ஆகிறது என்று சந்தேகம்.

எண்ணும் கண்ணும்:
ஏறாது. முந்தின நாள் மாலை ஒட்டும் லிஸ்ட் தாளை எடுத்து ரிஜிஸ்டரோடு வரிவரியாக ஒத்துப் பாருங்கள். மதிய லிஸ்ட் யார் பெயரில் அதிகம் விழுகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். வார்டு சிஸ்டரிடம் கேளுங்கள், தாள்களைக் கிழித்துப் போட்டிருக்க மாட்டார்.